தண்ணீர் பாட்டிலை நீட்டியவர்

அன்புள்ள பேட்ரிசியாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் குவைத்தில் நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? வார்டு முழுக்க நடந்து ஓட்டுக் கேட்டவள், இனியாவது காலை நீட்டி உட்கார்.

இங்கே ஒரு வேடிக்கை. உன்னைத் தோற்கடித்த குணசீலனைப் பற்றி, என் அறையிலிருக்கும் புத்தூர்க்காரர் மதியழகன் சொன்னார்: "கடைசி வரைக்கும் உங்க வீட்டம்மாவை ஒரு வார்த்தை தப்பாப் பேசலைங்க. அதுக்காவது அந்த மனுஷனைப் பாராட்டணும்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. பிறகு பாலக்கரைக் கூட்டத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். மேடையில் குணசீலன் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். மைக்கில் வேறொருவன், "புருஷன் வெளிநாட்டுல. இந்தம்மா யாரோட ஓட்டுக் கேட்கப் போகுது?" என்கிறான். கூட்டம் சிரிக்கிறது. பேசிப் பேசி அவனுக்குத் தொண்டை கட்டியதும், குணசீலன் எழுந்து, மூடியைத் திறந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார்.

போனில் இதை நீ என்னிடம் சொல்லவேயில்லை.

அறையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. "அமலன் தங்கமான ஆளுங்க, கோவமே வராது" என்று மதியழகன் தோளைத் தட்டினார். குணசீலனுக்கும் எனக்கும் ஒரே சர்டிஃபிகேட்.

அடுத்த முறை நிற்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம்மா. மறுபடி நின்றாலும் இதுதான் நடக்கும்.

லீவில் ஊருக்கு வரும் சேவியர் கீழே டாக்சியில் காத்திருக்கிறான், அவனிடம் இதைக் கொடுக்கிறேன். திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. உன் படம் போட்ட தேர்தல் நோட்டீஸ் மிச்சமிருந்தால் அதிலும் ஒன்று. சுவரில் ஒட்ட மாட்டேன். பெட்டிக்குள் வைத்துக்கொள்கிறேன்.

அமலன்