அந்தப் படத்தில் பிழைத்திருந்த செல்கள்

என்னோடு வாயாடாமல் ஒரு வேளையும் சாப்பிடாத என் அக்காவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. குண்டசாலை வீட்டில் உன் அலுமாரியைத் திறக்க அத்தான் இன்னும் யாரையும் விடுவதில்லை. நேற்று அவர் என்னிடம் ஒன்று கேட்டார். கேட்டதும் பஸ் ஏறி ஓடி வந்துவிட்டேன்.

முதலில் நான் உனக்குச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கண்டியில் ஆய்வுகூடத்தில் வேலை செய்வதில் உனக்கு எத்தனை பெருமை! பல்லேகல தையல் ஆலையில் உன்னோடு தைத்த பெண்களிடமெல்லாம், "எங்க தங்கச்சி விஞ்ஞானி" என்று சொல்லித் திரிந்தாய். குப்பி கழுவுகிற, செல்களுக்குத் தீனி மாற்றுகிற உதவியாளர்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ காதில் வாங்கவில்லை.

உன் மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, மருந்து ஏற்றத் தொடங்கிய வாரம் அது. உன்னைத் தேற்ற வேறு வழி தெரியாமல் என் ஃபோனில் ஒரு படம் காட்டினேன். இரண்டு தட்டுகளில் உயிருள்ள செல்கள். இரண்டிலும் செல்லை அரித்துக் கொல்லும் திரவம் விட்டிருந்தோம். ஒன்றில் எல்லாமே சுருண்டு செத்துக் கிடந்தன. வல்லாரைச் சாறும் சேர்த்த மற்றதில் பாதிக்கு மேல் பிழைத்திருந்தன.

"எலையில இருக்கிற சத்து செல்லக் காப்பாத்துது அக்கா."

"அப்ப எனக்கும் இது போதுமேடி!" என்று சிரித்தாய். நோய் தெரிந்தபின் நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்தத் தட்டில் பிழைத்திருந்தவை புற்றுநோய்ச் செல்கள், அக்கா. சுலபமாக வளர்கின்றன என்று அவற்றைத்தான் நாங்கள் வளர்க்கிறோம். நல்ல செல், கெட்ட செல் என்று சாறு ஆள் பார்ப்பதில்லை.

மறுநாளிலிருந்து அத்தான் விடியுமுன் எழுந்து வல்லாரை அரைத்து, வடிகட்டி, ஒரு கிளாஸ் நிறைய உனக்குக் கொடுத்தார். மருந்து ஏற்றும் நாளிலும் தவறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டி சுருங்கவில்லை என்றதும் பயந்துபோய் டாக்டரிடம் கேட்டேன். சில மருந்துகள் செல்லை அரித்துத்தான் கொல்கின்றன, அந்த நேரத்தில் இப்படிச் செறிவான சாறு வேண்டாம் என்றுதான் சொல்வோம் என்றார். அதனால்தான் அக்காவுக்கு மருந்து கேட்கவில்லையா என்றேன். அப்படி யாராலும் சொல்ல முடியாது என்றார். அதற்குள் உனக்குத் தண்ணீரே இறங்கவில்லை; சாறும் தானாக நின்றுபோயிருந்தது.

யாராலும் சொல்ல முடியாததை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நேற்று அத்தான் கேட்டது இதுதான். "சாந்தி, பக்கத்து வீட்டு டீச்சருக்கும் மருந்து ஏத்துறாங்களாம். சாறு எப்பிடி அரைக்கிறதுன்னு நாளன்னைக்கிப் போய்க் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன். அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க." பிறகு மெதுவாக, "அவளுக்கு என் கையால செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதானே" என்றார்.

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் நடமாடுகிறார். அதையும் நான் பிடுங்க வேண்டுமா? பிடுங்காவிட்டால் அந்த டீச்சர் குடிப்பாரே!

நாளை காலை, அத்தான் டீச்சர் வீட்டுப் படியேறுமுன் நான் குண்டசாலைக்குப் போய்விடுவேன். இது சத்தியம். படம் எதனுடையது என்று சொல்வேன். தெரியாமல் அரைத்தது நீங்கள், தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தது நான் என்றும் சொல்வேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

உயிரோடு இருந்தபோது உன்னிடம் வாய் திறக்காத
உன் தங்கச்சி,
சாந்தி