பவுடர் போட்ட படம்

"அந்தப் படத்தை வெளுத்தது நான்தான்." அன்றைக்கு உன் வீட்டு முன்னறையில், கையில் மக்ரூன் தட்டோடு நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். சொல்ல ஒரு மூச்சு போதும். அறையில் இருந்த எல்லோரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் தட்டைப் பார்த்தேன்.

இன்று காலை ஸ்டூடியோவுக்கு ஒரு அம்மா வந்தார். மகளின் படத்தைக் கைப்பேசியில் நீட்டி, "கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும்" என்றார். மகளும் பின்னால் நின்றாள். "இருக்கபடியே நல்லாத்தான் இருக்கும்மா" என்றேன்.

"நல்லா இல்லன்னு இப்ப யாரு சொன்னா? ஒனக்குக் கலர் ஏத்தத் தெரியுமா, தெரியாதா?"

நான் விளக்கத் தொடங்குவதற்குள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். முதலாளி அண்ணாச்சி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கி, "வாரவங்களை எல்லாம் அங்கன அனுப்பிக்கிட்டே இரு. நாளைக்கு நாமளும் அங்கனயே போய் வேலை கேப்போம்" என்றார். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத பெண்ணுக்காக இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிகிறது. உனக்காக முடியவில்லை.

நாம் இருவரும் அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். உனக்குக் கேமரா, எனக்குக் கம்ப்யூட்டர். நீ எடுத்து வரும் கல்யாணங்களை நான் ஆல்பமாக அடுக்குவேன். கடை திறக்குமுன் உன் ஸ்கூட்டியில் ஊரைச் சுற்றுவது எப்படித் தொடங்கியது என்று நினைவில்லை. திரேஸ்புரத்தில் கரையேற்றிய வள்ளங்களில் பெயிண்ட் உரிந்த இடமாகப் பார்த்துக் குனிவாய். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் காவி, அதற்கும் அடியில் மரம். நான் எழுத்துகளைத் தேடுவேன்: ஐஸ் பெட்டியில் கோணலாக எழுதிய பெயர், மக்ரூன் பெட்டியின் மேல் வளைந்து ஓடும் கடைப் பெயர், வள்ளத்து முகப்பில் இடம் போதாமல் நெருக்கிப் போட்ட புனிதரின் பெயர். துறைமுகச் சாலையில் அடுக்கிய கண்டெய்னர்களைப் பார்த்து, "ஒன் ஆல்பம் பக்கம் மாதிரியே இருக்குளா. ஒரு இடத்தைச் சும்மா விட மாட்டேங்கானுவ" என்பாய். உப்பளப் பாத்தியில் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் திரும்பும் நாட்களில் இரண்டு பேரும் பேச மாட்டோம். எல்லாவற்றையும் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தோம். அதற்குச் 'சும்மா' என்று பெயர் வைத்தது நீ.

அந்த வள்ளத்து நீலத்தையும் காவியையும் வைத்து நான் ஒரு கல்யாணப் பத்திரிகை செய்தேன். மாப்பிள்ளையின் அப்பா அதைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்து, "இது எங்க பெரியப்பா வள்ளத்துக் கலருல்லா?" என்றார். நீ மேசைக்கடியில் குனிந்து கேமரா பையைத் தேடுகிறவள்போல் கிடந்து சிரித்தாய். பத்திரிகை வழக்கம்போல் சிவப்பும் தங்கமுமாக அச்சுக்குப் போனது.

நமக்குள் சண்டை வந்தது பவுடரால்தான். அண்ணாச்சி யாரையோ வைத்துக் கடைக் கம்ப்யூட்டர்களில் ஒரு பொத்தானை அமைத்திருந்தார். அழுத்தினால் போதும், முகம் மழமழவென்று ஆகி, நிறம் இரண்டு படி ஏறிவிடும். பொண்ணு, மாப்பிள்ளை, மாமியார், பூக்கூடை பிடித்து நிற்கும் பிள்ளை, எல்லோருக்கும் ஒரே மாதிரி. கடையில் அதற்குப் பவுடர் என்று பெயர். "பவுடர் போட்டாச்சா?" என்று கேட்டுத்தான் அண்ணாச்சி ஆல்பத்தை அச்சுக்கு விடுவார். படம் திறந்ததும் என் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும். கண் பார்ப்பதற்கு முன்பே போய்விடும்.

"நான் வெயில்ல நின்னு எடுத்தது எல்லாத்தையும் மாவுல பெரட்டி வச்சிருக்கியே" என்று நீ கத்துவாய். ஒருமுறை ஒரு கறுத்த மணப்பெண்ணின் படத்தைத் திரையில் பெரிதாக்கி, கன்னத்தில் விரலை வைத்துச் சொன்னாய்: "வெளுத்த முகத்துல வெளிச்சம் வழுக்கிட்டுப் போயிரும். கறுத்த முகத்துலதான்ளா அது நிக்கும். பாரு." பார்த்தேன். நின்றது. நிறத்தைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் நான் வாங்கிப் படித்த புத்தகங்கள் அப்போதும் மேசையில்தான் இருந்தன. நீ சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, நீ டீ குடிக்கப் போனதும் பவுடரை அழுத்தினேன். அண்ணாச்சி கேட்பார் என்பது ஒரு காரணம். "வெயில்ல நிக்காத, கறுத்துருவ" என்று கேட்டே வளர்ந்தவள் நான் என்பது இன்னொன்று. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்பவள் என்பதால் உனக்கென்று ஒரு நல்ல படம் இல்லை. பெரியதாழையிலிருந்து சம்பந்தம் பேசி வந்தபோது உன் அம்மா படம் கேட்டார். "நீ எடு. நீ எடுத்தாத்தான் எனக்குச் சிரிப்பு வரும்" என்றாய். திரேஸ்புரம் கரையில் காலை வெயில் பக்கவாட்டில் விழ உன்னை நிறுத்தினேன். மீன் கூடையோடு குறுக்கே வந்த ஒருவர், "ஏளா, போட்டோக்காரிக்கே போட்டோவா?" என்று நின்றுவிட்டார்.

"தள்ளுங்க அண்ணாச்சி. நீங்க நின்னா படம் கறுத்துரும்" என்றாய் அவரிடம்.

"நீ நிக்கும்போதே கறுத்துட்டு. இனி நான் நின்னா என்ன, நிக்காட்டா என்ன?"

நீ தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் படம். மோவாயில் சின்ன வயதில் விழுந்த தழும்பு, கன்ன எலும்பின் மேல் வெயில், பின்னால் கலங்கலாக வள்ளத்து நீலம். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

கடைக்கு வந்து திறந்தேன். விரல் போய்ப் பவுடரை அழுத்திவிட்டது. கைப்பழக்கம் என்று பிறகு உன்னிடம் சொன்னது இதுவரைக்கும் உண்மை. இதற்கு மேல் உள்ளதை உன்னிடம் சொன்னதில்லை. தழும்பு போயிருந்தது. வெயில் போயிருந்தது. பார்த்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் பழையபடி வந்துவிடும். அழுத்தவில்லை. இப்படி அனுப்பினால் காரியம் நல்லபடியாக முடியும் என்று நினைத்தேன். உன் நிறம் தடையாக இருக்கும் என்று, உன்னோடு தினமும் ஸ்கூட்டியில் சுற்றிய நான், உனக்காக முடிவு செய்தேன். உன்னிடம் காட்டாமல் நேரே உன் அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பினேன். அவர் பார்த்த பார்வையிலேயே பெரியதாழைக்கு அனுப்பிவிட்டார்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நீ கரும்பச்சைச் சேலை கட்டியிருந்தாய். நான் பலகாரத் தட்டு எடுத்துக்கொடுக்க வந்திருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை உன்னைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், மறுபடி உன்னைப் பார்த்தார்.

"போட்டோவுல வேற மாதிரிலா இருந்துச்சு?"

யாரோ பின்னால், "போட்டோ புடிக்க பிள்ளைல்லா. வித்தை தெரியாமலா இருக்கும்?" என்றார்கள்.

நீ கைப்பேசியை வாங்கிப் பார்த்தாய். அந்தப் படத்தை நீ பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு அதை அவர் மடியில் வைத்துவிட்டு, "வெளுக்கத் தெரியும் அத்தை. நான் வெளுக்க மாட்டேன்" என்றாய்.

"அப்ப அதுவா வெளுத்துச்சோ? சோப்புப் போட்டுக் குளிச்சிருக்கும்போல."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூட குனிந்துகொண்டு சிரித்தான். நான் தட்டை அத்தையிடம் நீட்டினேன். அவர் ஒரு மக்ரூன் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் தரகர் வந்து சொன்னார். நிறம் ஒரு பொருட்டே இல்லையாம். கூசாமல் பொய் சொல்லுகிற பிள்ளை வேண்டாமாம். உன் அம்மாவும், நீ வெளுத்துக் கொடுத்ததைத்தான் நான் அனுப்பினேன் என்று நினைத்து, அதையே பிடித்துக்கொண்டார். "வெளுத்தது வெளுத்த. ஆமான்னு ஒத்துக்கிட்டுச் சிரிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்லா?" என்று, நான் இருக்கும்போதே உன்னை ஏசினார். பவுடருக்கு எதிராகக் கடையில் தனி ஆளாகக் கத்திக்கொண்டிருந்தவள் நீ. அன்று சாந்தமாகக் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

கடையில் ஒரே ஒரு முறை கேட்டாய். "பவுடரா?"

"கைப்பழக்கம்."

"ம்."

காலையில் ஊர் சுற்றுவது நிற்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. நீ வழக்கம்போல வந்து ஹாரன் அடித்தாய். வழக்கம்போல உரிந்த பெயிண்ட்டுக்குக் குனிந்தாய். ஒருநாள் உப்பளத்து வரப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கோபமே இல்லாமல், "அம்மாட்ட நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாய். "சொல்லுதேன்" என்றேன். நீ டீ கப்பைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாய். அதன் பிறகு நீ கேட்கவில்லை. நான் சொல்ல நினைத்து உன் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு முறையும் உன் அம்மா எனக்கு மீன் குழம்பு ஊற்றினார்.

ஒரு ஞானஸ்நானத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது திருச்செந்தூர் சாலையில் லாரி உன்னைத் தட்டியது. கேமரா பை முதுகிலேயே இருந்ததாம். அஞ்சலி போஸ்டருக்கு அவசரத்தில் உன் ஆதார் படத்தைத்தான் போட்டார்கள். ஊர்முழுக்க யாரோ ஒருத்தியாக ஒட்டப்பட்டிருந்தாய்.

கல்லறைத் திருநாளுக்கு முன் உன் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். திரை என் பக்கம் இருந்தது.

"கல்லுல வைக்க ஒரு படம் வேணும்ளா. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புனோம்லா, அவளே வெளுத்து வச்சிருந்தாளே. அது."

'சும்மா' ஃபோல்டரைத் திறந்தேன். வள்ளங்களுக்கும் உப்புக்கும் நடுவில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் கன்னத்தில் வெயில் நின்றுகொண்டிருந்தது.

"நான்தான் அவளைப் போட்டு ஏசிட்டேன்" என்றார் உன் அம்மா. "வெளுப்பா இருக்கணும்னு ஆசை இருந்திருக்கு பிள்ளைக்கு. வாயத் தொறந்து சொல்லல. எனக்கும் தெரியல. அவ ஆசைப்பட்டபடியே அங்கன இருக்கட்டும்."

அவசரம் ஒன்றும் இல்லை. கடையில் வேறு யாரும் இல்லை. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். மற்றப் படத்தைக் காட்டினால், இது எப்படி அதுவானது என்று அவர் கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டிவரும். நான் வெளுத்த படத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இதாம்மா?"

"இதுதான்" என்று திரையில் உன் மோவாயைத் தடவினார். தழும்பு இருந்த இடம்.

அந்தப் பொத்தானை என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். வருகிற முகங்களை வந்தபடியே அனுப்புகிறேன், அண்ணாச்சி ஏசுகிறார். காலையில் தனியாகத் திரேஸ்புரத்துக்குப் போகிறேன், பெயிண்ட் உரிந்த இடங்களுக்குக் குனிகிறேன். இதெல்லாம் உனக்குச் செய்வதாக எண்ணிக்கொள்ள எனக்குக் கூசுகிறது.

கல்லில் உன் பெயருக்கு மேலே நான் கொடுத்த படத்தைப் பதித்திருக்கிறார்கள். மற்றப் படம் என்னிடம் இருக்கிறது. உன் அம்மா அதை இன்னும் பார்க்கவில்லை.