பத்து நிமிட ஓய்வு

என் மாமாவுக்கு,

ஸ்வீடனில் நீங்கள் வேலைக்கு நடுவே அழுதபோது, மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார் என்றீர்களே. எனக்குப் பொறாமையாக இருந்தது. உங்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன வாரம் எங்கள் அசோக் நகர் கால்சென்டரில், போனில் ஒருவர் என்னை அசிங்கமாகத் திட்டினார். அழுதேன். "மூஞ்சி கழுவிக்கினு வா, அடுத்த கால் வெயிட்டிங்ல கீது" என்றார் சூப்பர்வைசர் தேவானை. உங்கள் மேனேஜரைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் மேலிடத்தில் சண்டை போட்டு, திட்டு வாங்குகிறவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு வாங்கித் தந்துவிட்டார்.

இன்று எனக்கு அது கிடைத்தது, அதில்தான் எழுதுகிறேன். "இன்னா ஆச்சு கண்ணு?" என்று நீங்கள் கேட்டால் நன்றாக இருக்கும்.

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. வந்துவிடுங்கள் என்று மட்டும் எழுதமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி