இருபத்தெட்டாம் நாள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், நாங்களும் சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் அதையும் எழுதிவிட்டேன், மீதியை உட்கார்ந்து பொறுமையாகப் படி. போனில் சொன்னால் மீட்டிங்கில இருக்கேம்மா என்பாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். உன் ஹோட்டலின் நாற்பத்தோராவது கிளையைத் திறந்த போட்டோவைத் தங்கச்சி அனுப்பியிருந்தாள், ரிப்பன் வெட்டுகிற கை குச்சி மாதிரி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடு. அவளுக்கு இது ஏழாம் மாதம், கால் வீங்குகிறதாம், மாப்பிள்ளை வீட்டில் எட்டுப் பேருக்கு ஒரே குளியலறை, கூடமாட இருக்கலாம் என்றால் எனக்கு அங்கே படுக்க இடமில்லை. அப்பாவுக்கு வலது முழங்கால் இன்னும் சரியாக மடங்கவில்லை, மூன்று படி ஏறினால் நின்றுவிடுகிறார், ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால் லிப்ட் வரட்டும் என்கிறார், லிப்ட் இல்லாத இடத்திலும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன், புது மேனேஜர் வந்து கதவைத் தட்டினாள். பழைய மேனேஜரை நீ புதுக் கிளைக்கு மாற்றிவிட்டாய் அல்லவா, அவர் இடத்துக்கு வந்தவள், சின்னப் பெண், பேச்சில் அத்தனை மரியாதை. மேடம், இன்னையோட இருபத்தெட்டு நாள் முடியுது, பதினோரு மணிக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்க, நாளைக்கு இதே ரூமுக்கே திரும்ப வந்துடலாம் என்றாள். நாங்க மூணு வருஷமா இந்த நூத்தியேழுலதாம்மா இருக்கோம் என்றேன். கம்ப்யூட்டர்ல அப்படி இல்லையே மேடம், மாசாமாசம் காலி பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க என்றாள். அப்போதுதான் விளங்கியது, பழைய மேனேஜர் எங்களுக்குத் தெரியாமலே கம்ப்யூட்டரில் மாதம் ஒருமுறை எங்களை வெளியே அனுப்பி உள்ளே கூப்பிட்டிருக்கிறார், நல்ல மனுஷன். அப்பா எழுந்து வந்து, இது எங்க வீடும்மா என்றார். அந்தப் பெண் முகம் மலர்ந்து, நீங்க அப்படித்தான் சார் நினைக்கணும், அதுதான் எங்க கம்பெனி ஆசை என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். வீடு போலவே என்று நாற்பத்தொரு கிளையிலும் மாட்டி வைத்திருக்கிறாயே, அந்தப் பலகை. போல என்றாலே அது இல்லை என்றுதானே அர்த்தம், மூன்று வருஷம் அதன் கீழேயே படுத்து எழுந்தும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நாங்கள் யார் என்று சொல்லியிருக்கலாம். அப்பா வாயெடுத்தார், நான்தான் கண்ணால் அடக்கினேன். ஏனென்றால் அதற்குள் அவள் விதிமுறைத் தாளை என் கையில் கொடுத்துவிட்டாள், யாராக இருந்தாலும் இருபத்தெட்டு நாளுக்கு மேல் ஒரேயடியாகத் தங்கக் கூடாது என்று போட்டு அடியில் உன் கையெழுத்து. நான் கைபிடித்து எழுதப் பழக்கிய கை. அந்த விதி எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியாதா? அதே இடத்தில் நம்முடைய ஒன்பது அறை லாட்ஜ் இருந்தபோது நாலாம் நம்பரில் பதினோரு வருஷம் குடியிருந்தாளே நர்ஸ், அவளால் வந்தது. நேரங்கெட்ட நேரத்தில் வேலை முடிந்து பசியோடு வருகிறாளே என்று நான்தான் அவள் அறையில் ஓர் அடுப்பும் ஒரு பாத்திரமும் ரெண்டு தட்டும் வைத்துக் கொடுத்தேன், அதைத்தான் இன்றைக்கு நீ எல்லா ஊரிலும் அறைக்கு அறை வைத்திருக்கிறாய். லாட்ஜை இடித்துக் கட்டுகிறேன் என்று நீ நின்றபோது அவள், ஒரு மாசம் தாண்டித் தங்கினா சட்டப்படி குடித்தனக்காரி, நான் ஏன் போகணும் என்றாள். இடத்தைக் கொடுத்தா மடத்தைப் புடுங்குறா என்று நீ குதித்தாய். கோர்ட்டில் அவள் தோற்கவில்லை. எம்புள்ள பொழப்பு உன்னால நிக்குதும்மா என்று நான் போய் அழுதேன், அதற்காகப் போனாள். அவள் பெட்டியைக் கட்டியது இந்தக் கைதான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், எனக்குச் சுட இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் திரும்பி வருவதற்கு ஒரு படிவம் நிரப்பச் சொன்னாள், அதில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். அப்பா பழைய லாட்ஜ் விலாசத்தை எழுதினார், அது ஹோட்டல் விலாசம் சார், கம்ப்யூட்டர் எடுக்காது என்றாள். சரி, பெற்ற பிள்ளையின் விலாசத்தை எழுதலாம் என்று பேனாவை வாங்கினேன். உன் விலாசம் என்ன? நீயும் இரண்டு வாரம் இந்தக் கிளை, இரண்டு வாரம் அந்தக் கிளை என்று பெட்டியோடு திரிகிறாய், இந்தக் கடிதத்தைக்கூட ஆபீசுக்குத்தான் போடுகிறேன். கட்டத்தைக் காலியாகவே விட்டேன். பதினோரு மணிக்குக் கதவில் சாவி அட்டையை வைத்துப் பார்த்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே சோபாவில் அப்பா இரண்டு பெட்டிக்கு நடுவில் யாரையோ வழியனுப்ப வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அடுத்த கிளையிலும் இடமில்லையாம், உன் வியாபாரம் அவ்வளவு நன்றாக நடக்கிறது, சந்தோஷம்.

நர்ஸ் வருஷா வருஷம் புது வருஷத்துக்கு வாழ்த்து அட்டை போடுவாள், நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை, விலாசம் மட்டும் பையில் இருந்தது. டாக்சி பிடித்துப் போனோம், சைக்கிள் கடைக்குப் பின்னால் தரைத்தளத்தில் இருக்கிறாள். கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள், அப்பா காலைப் பார்த்தாள், எத்தனை நாள்னு கேக்க மாட்டேன் உள்ள வாங்க என்றாள். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் உன் மேனேஜர் ரூம் ரெடி மேடம் என்று போன் செய்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சைக்கிள் கடைக்காரர் டயர் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறார், ரப்பர் நாற்றம் இன்னும் போகவில்லை, பழகிவிடும். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தால் இங்கேயே கூட்டி வந்துவிடுவேன். உங்களுக்கு வீடு கட்டித் தருகிறேன், அதுவரைக்கும் நூற்றேழில் இருங்கள் என்று சொன்னாயே, அந்தக் கவலையை விட்டுவிடு. அந்தப் பெண்ணைத் திட்டாதே, வேலையை விட்டு எடுத்துவிடாதே, நீ எழுதியதைத்தான் அவள் செய்தாள்.

நீ நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், கோபத்தோடு எழுதினாலும் இதை மனதாரத்தான் எழுதுகிறேன், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். நூற்றேழின் அட்டையைக் கவருக்குள் வைத்திருக்கிறேன், தொலைக்காமல் எடுத்துக்கொள், அது இனி எங்களுக்கு எந்தக் கதவையும் திறக்காது. கவரின் பின்பக்கம் எழுதியிருப்பதுதான் எங்கள் நிரந்தர முகவரி. வந்தால் கதவைத் தட்டு, திறப்போம். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. இந்த மூன்று வருஷத்தில் நீ எங்களோடு இருந்த நாட்களை அப்பா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், பத்தொன்பது வந்தது. உன்னைக் காலி பண்ணச் சொல்ல யாருக்கும் அவசியம் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா