உள்ளே நாலு பேர் இருந்தோம்

ஆனைக்குட்டத்தில் அணைக்கு மண் அடிக்கும் லாரிகள் ஓடிய வருடம் அது. தீபாவளிக்கு முன்பே மழை கொட்டி, அனுப்பிய பட்டாசு லோடெல்லாம் நமுத்துத் திரும்பி வந்ததும், என் இரண்டாவது மகள் பிறந்ததும் அதே வருடம்தான். அந்த வருடத்தின் வாடை நேற்று ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது, மாப்ளே.

பட்டாசுக் கம்பெனியில் வேலை முடித்து ஏறிய ஒரு பெண். சேலையெல்லாம் கந்தகம். அவளோடு காலேஜில் படிக்கிற வயதில் ஒரு மகள், மடியில் வலைப்பைக்குள் கூடைப்பந்து. கந்தக வாடை நம் ஊரில் புதிதில்லை. பந்தின் தோல் வாடையும் எங்கேயாவது வரும். இரண்டும் ஒன்றாகக் கலந்து வந்தால் அது நீ. நீ மூச்சு வாங்கிக்கொண்டு என் தோளில் கை போட்டு நிற்கிற வாடை. இறங்க வேண்டிய இடம் எப்போது போனதென்று தெரியவில்லை. "தாத்தா, எங்கன எறங்கணும்? பஸ்சு செட்டுக்குப் போகப் போகுது" என்று அந்தப் பிள்ளைதான் எழுப்பிவிட்டது.

எனக்கு எழுத்து வராது. கம்பெனியில் நான் கைநாட்டு வைக்கும்போதெல்லாம், "எங்க மச்சான் கையெழுத்து மருத வரைக்கும் செல்லும்லே" என்று கேலி பேசியவன் நீ. இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். "இதையுமா எழுதணும் மாமா?" என்று இப்போதே ஒரு தடவை கேட்டுவிட்டாள். எழுதுத்தா என்று சொல்லியிருக்கிறேன்.

நம் டீமைப் பற்றிச் சொன்னால் அவள் நம்ப மாட்டேன் என்கிறாள். பட்டாசுக் கம்பெனிக்குக் கூடைப்பந்து டீமா, ஆடுவதற்குச் சம்பளமா என்று சிரிக்கிறாள். முதலாளிக்குக் கப்பு மேல் ஆசை என்றேன். அவர் ஆபீஸ் அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கப்புகளுக்குத்தானே இடம். காலையும் மாலையும் பந்து, நடுவில் பேருக்கு டெஸ்பாட்சில் லேபிள் ஒட்டிப் பெட்டி அடுக்குவது. சொகுசுதான். ஆனால் டீமில் இருந்து பெயர் எடுபட்டால், எந்த செக்‌ஷனில் இருந்து வந்தோமோ அங்கேயே திரும்பிப் போக வேண்டும். நீயும் நானும் சோலையும் வந்தது வெடிமருந்து கலக்கும் அறையிலிருந்து. வெயில் ஏறுவதற்கு முன்னால் கலந்து முடிக்க வேண்டும் என்று விடியும்போதே போய், அலுமினியத் தூள் படிந்து, கையும் முகமும் வெள்ளி பூசின மாதிரி வெளியே வருவோம். உன் இருமல் டீமுக்கு வந்த பிறகுதான் அடங்கியது. "இனி அந்த ரூம்புப் படியில என் காலு படாது மச்சான்" என்று முத்தாலம்மன் கோயில் முன்னால் நின்று சொன்னாய்.

வெடித்தால் சேதம் குறையட்டும் என்று, அந்த அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே இருந்து ஒருவர் வெளியே வந்தால்தான் இவர் படி ஏறலாம். வருடக்கணக்கில் அப்படியே பழகியவனுக்கு எண்ணிப் பார்க்கவே வேண்டாம், கால் தானாக நின்றுவிடும். அந்த நாலு பேரை உட்கார வைப்பதிலும் நீ ஒரு முறை வைத்திருந்தாய். இரண்டு பேர் பழங்கை, இரண்டு பேர் புதுக்கை. "நாலும் பழசா இருந்தா ஒருத்தனுக்கும் பயம் இருக்காது. நாலும் புதுசா இருந்தா பயத்துலயே கை நடுங்கும். ரெண்டும் ரெண்டும் இருந்தா ஒண்ணு இன்னொண்ணப் பாத்துக்கிடும்" என்பாய். கேப்டன் ஆன பிறகு டீமையும் அப்படித்தான் இறக்கினாய். அறைக்கு நாலு, ஆட்டத்துக்கு அஞ்சாச்சே, அஞ்சாவது ஆள் பழசா புதுசா என்று நான் மடக்கினேன். "அன்னைக்கு எவன் பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்காம வந்திருக்கானோ அவன்" என்றாய்.

விருதுநகரில் சோலை செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? நாம் டீமுக்கு வந்த புதிது. வளையத்தில் பட்டுத் திரும்பின பந்துக்கு நாம் நாலு பேரும் கூடைக்குக் கீழே கிடந்து மல்லாடுகிறோம். சோலை கூடைக்கு முன்னால் போட்ட கட்டத்தின் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டாத குறையாக நிற்கிறான். பந்து அவன் காலடியில் விழுந்து உருண்டு போகிறது.

"ஏலே சோலை, உள்ள வாலே! அங்கன என்ன மாப்பிள்ள மாரி நிக்கே?" என்று கத்தினாய்.

"உள்ளதான் நாலு பேரு இருக்கீகளே!" என்றான் அவன்.

களத்தைச் சுற்றி நின்ற கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை, நடுவர் வந்து அதட்டினார். ஆனால் உனக்கு அது சிரிப்போடு போகவில்லை. மறுநாளில் இருந்து மாதக்கணக்கில் அதற்கென்றே பயிற்சி. கூடைக்குக் கீழே நாலு பேரை நிறுத்தி, ஐந்தாவது ஆளை முதுகில் அடித்து உள்ளே தள்ளினாய். "இது ரூம்பு இல்ல, கிரவுண்டு" என்று உன் தொண்டை கட்டியது. புதிதாக வருகிற பையன்களிடம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, காதில் விழுந்தாலே காலில் இறங்கிவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தாய்.

அப்படி எதுவும் தெரியாமல் நேராகப் பள்ளிக்கூட மைதானத்தில் இருந்து வந்தவன்தான் தங்கப்பாண்டி. ஒட்டடைக்கம்பு மாதிரி இருந்தான். எகிறினால் கீழே வர மனசில்லாத மாதிரி மேலேயே நிற்பான். முதல் நாள் உன்னைத் தாண்டிப் பந்தைப் போட்டுவிட்டு, "மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றான். நீ இடுப்பில் கை வைத்து அவனைப் பார்த்தாய். "ஏலே, போட்டதுக்கு மன்னிப்பு கேக்காத. போடாமப் போனா கேளு." அன்று உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

அந்த மழை வருடம் சரக்கு திரும்பியதும் கம்பெனியில் கையைச் சுருக்கினார்கள். புது மேனேஜர் உன்னையும் என்னையும் கூப்பிட்டு, "இனிமே பசங்கதான். வயசான ஆளுங்க ரெண்டு பேர் போதும். மூணு பேர்ல யார் பேரை நீக்கறதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார். மூன்று பேர் என்றால் நீ, நான், சோலை. ரெண்டு பேருக்கு டெஸ்பாட்சு, ஒருவனுக்கு மருந்து அறை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். நான் போகிறேன் என்றேன்.

"நீ போனா கூடைக்குக் கீழ யாரு நிப்பா? பாண்டி எகிறுவான். விழுந்தா தாங்கிப் பிடிக்க ஒடம்பு வேணாமா?"

"அப்ப சோலை?"

"சோலை பாஸ் குடுத்தா அது கைக்கு வராது, மடிக்கு வரும். சின்னப் பயகளுக்கு அவன் வேணும்."

"அப்ப ஒனக்கு என்னடா கொற?"

"ஓட்டம் போயிருச்சு மச்சான். எனக்குத் தெரியும், பாண்டிக்கும் தெரியும். அவன் எனக்காகக் கொஞ்சம் மெதுவா ஓடுதான். பாத்தியா நீ? வளர்ற பய ஒருத்தன் எனக்காக மெதுவா ஓடலாமா?"

பாசத்தில் பேசுகிறாயா என்று கேட்டேன். "பாசமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. டீமு" என்றாய். அது பாசமா டீமா என்று நான் இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துச் சொல்ல நீயும் இல்லை.

எல்லாரிடமும் முட்டி வலி என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை விடியும்போது அந்தப் படி ஏறினாய். பெயரை மட்டும் மாற்று ஆளாக வைத்திருந்தார்கள். சாயங்காலம் பயிற்சி நேரத்தில் வெள்ளி முகத்தோடு வந்து கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாய். பாண்டி உன்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வான். தன்னால்தான் நீ வெளியே நிற்கிறாய் என்று அவனுக்கு ஒரு நினைப்பு என்பது இப்போதுதான் தெரிகிறது. நீ ஒருநாள் அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். நீயோ இருமல் வந்ததும் திரும்பிப் போய்விடுவாய். அவன் இருமலைக் கேட்கக் கூடாது என்று நினைத்தாய் என எனக்குத் தெரியும். அவனுக்கு உன் முதுகுதான் தெரியும்.

பொங்கலுக்குப் பிறகு விருதுநகரில் கடைசி ஆட்டம். அன்றும் காலையில் மருந்து கலந்துவிட்டுத்தான் வேனில் ஏறினாய். நகக்கண்ணில் வெள்ளி அப்படியே இருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம். ஒரு கூடை பின்னால் இருக்கிறோம். சோலை கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். மேனேஜர் பெஞ்சைப் பார்த்தார். இருந்தவன் நீ ஒருவன்தான்.

நீ உள்ளே வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் தெம்பு ஏறியது, மாப்ளே. பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு பழங்கை இருக்கிறோம், இனி என்ன என்று.

பாண்டி எகிறிப் போட்டான். பந்து வளையத்தில் சுற்றி வெளியே தெறித்தது. கூடைக்குக் கீழே நான், பாண்டி, டீமின் இன்னொரு பையன் ராசு, புதிதாகச் சேர்ந்த காலேஜ் பையன். யார் கைக்கும் சிக்காமல் பந்து உன் பக்கம் குதித்தது. நீ ஓடி வந்தாய். கோட்டுக்கிட்டே வந்தாய். நின்றாய்.

"அண்ணே! வாங்கண்ணே!" என்று பாண்டி கை நீட்டினான்.

நீ அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே நின்றாய். ஒரு எட்டு வைத்தால் பந்து உன்னுடையது. எதிராளி ஒருவன் குனிந்து எடுத்துக்கொண்டு போனான். விசில் ஊதிவிட்டார்கள்.

தோற்றதற்கு நான் அழவில்லை. நீ குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாய். வெள்ளி போகவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தாய். நான் பக்கத்தில் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை. "உள்ள நாலு பேரு இருந்தீகளே மச்சான்" என்றாய். அதற்குத்தான் அழுதேன். சோலையை முதுகில் அடித்து உள்ளே தள்ளினவன் நீ. உன்னைத் தள்ளிவிட அன்று உன் பின்னால் யாரும் இல்லை.

"பாண்டிகிட்டச் சொல்லிராத. எனக்காக வருத்தப்பட்டான்னா அவனுக்கு ஆட்டம் போயிரும்" என்றாய். சத்தியம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட என்றைக்காவது மீறியிருப்பேன். கேட்காததால் மீற முடியாமல் போனது.

அதற்குப் பிறகு அவன் நன்றாக ஆடினான், உனக்குத் தெரியும். சென்னை, திருச்சி என்று போய்க் கப்பு வாங்கி வந்தான். நீ மருந்து அறையிலேயே இருந்துவிட்டாய். இருமலும் உன்னோடு இருந்துவிட்டது. அவன் பெயர் வந்த பேப்பரை டீக்கடையில் நீ வாசிப்பாய், நான் கேட்பேன். ஒரு தடவை வாசித்தது போதாமல், "இன்னொரு மட்டம் வாசிக்கேன், ஒனக்குச் சரியாக் காது கேட்டிருக்காது" என்பாய். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

போன மாதம் உன்னை மயானத்துக்கு எடுத்த அன்று அவன் வந்திருந்தான். தலை நரைத்து, முட்டி மடங்காமல், மகளின் தோளைப் பிடித்து நடக்கிறான். சடங்கெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, அன்னைக்குக் கேப்டன் ஏம்ணே உள்ள வரல? நான் கூப்பிட்டதுனாலயா?"

கேட்டுவிட்டு அவனே மேலே சொன்னான்.

"எடத்தப் புடுங்கிட்டாம்னு எம் மேல கடைசி வரைக்கும் கோவமாத்தாம்ணே இருந்தாக. கண்ணப் பாத்துக்கிட்டே நின்னாகளே. இத்தன வருசம் வீட்டு வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கேன்."

அப்போதும் நான் உன் சொல்லைக் காப்பாற்றினேன். உனக்குக் கால் வழுக்கிவிட்டது என்றேன். அவன் நம்பவில்லை. மகள் தோளைப் பிடித்து எழுந்து போய்விட்டான்.

நேற்று பஸ் டிப்போ வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நடந்து வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நீ எனக்கு விட்டுப் போனது இந்த ஒரு விஷயம்தான். சுமந்துவிட்டேன், கனமாகத் தெரிந்ததில்லை. ஆனால் அதன் மறுபாதியை அவன் சுமக்கிறான் என்று நமக்கு இரண்டு பேருக்குமே தெரியாமல் போயிற்றே. அவனுக்கு ஆட்டம் போய்விடும் என்று பயந்தாய். இனி எந்த ஆட்டம் போகப் போகிறது? நானும் போய்விட்டால், நீ கோபத்தில் நின்றாய் என்பதுதான் உலகத்தில் மிஞ்சும். அதற்கு நான் விட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளத்துக்குப் போகிறேன். அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறான். மருந்து அறையைப் பற்றி முதலில் இருந்து சொல்வேன். உன் இடத்தை நீயாகத்தான் விட்டுக்கொடுத்தாய் என்று சொல்வேன். டீக்கடைப் பேப்பரையும் சொல்வேன். நீ அங்கே இருந்து திட்டிக்கொள், மாப்ளே. உன் திட்டைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

சோலை போய்விட்டான். ராசு போய்விட்டான். அந்தக் காலேஜ் பையனும் வெளிநாட்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். நீயும் போய்விட்டாய். அன்று அந்தக் கூடைக்குக் கீழே நின்று உன்னைப் பார்த்தவர்களில், என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவன் தங்கப்பாண்டி.