முன்கயிறு எனக்கு, பின்கயிறு அவளுக்கு

ஜூன் 1, ஞாயிறு

கச்சான் காற்று. காலையிலேயே கூரைத் தகரம் கொதிக்கிறது. நான்கு இடத்திலும் சோதனைக்குத் தண்ணீர் எடுத்தாயிற்று. களப்பில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது.

ஆய்வு நிலையத்துக்குப் பொறுப்பான சேர் ஊரிலிருந்து போன் எடுத்தார். இந்தக் கிழமை ஒருவருக்குத்தான் லீவு. எனக்கு சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். என்னோடு இங்கே வேலை செய்யும் ஜெயந்தினிக்கு அதே வாரம் காரைதீவில் அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழா. ‘ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்க’ என்று வைத்துவிட்டார். நல்ல மனிதர். கத்தியை நடுவில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கதைத்தோம். முடிவு: இனிக் கதைப்பதில்லை.

போன பெருநாளுக்கும் நான் இங்கேதான் கிடந்தேன். அதை அவள் மறந்துவிட்டாள். தைப்பொங்கலுக்கு அவள் இங்கே கிடந்தாளாம். அதை நான் மறந்துவிட்டேனாம்.

ஜூன் 2, திங்கள்

வெயில். காற்று. சவர்க்காரம் முடியப் போகிறது.

ஜெயந்தினி இனி ஜெ. முழுப் பெயர் எழுத மனமில்லை.

மத்தியானம் இறால் பொரித்தேன். வேண்டுமென்றுதான். ஜெ. குளிர்த்தி முடியும்வரை மீன் மச்சம் தொடமாட்டாள், இருக்கிற சட்டியோ ஒன்று. பூனையைப் பார்த்துச் சொன்னாள்: “அம்மாளுக்கு விரதமெண்டு தெரிஞ்சும் பொரிக்கிறா பாரு.” நானும் பூனையிடமே சொன்னேன்: “பெருநாளைக்கி வீட்ட போக விடாத ஆக்களுக்கு இறால் மணம் ஒண்டுதான் குறை.” பூனை இறால் தலையோடு எழும்பிப் போய்விட்டது.

பிறகு பாகப்பிரிவினை.
அவளுக்கு: சட்டி, பெரிய அடுப்பு, மேசையில் யன்னல் பக்கம், பின்கதவு.
எனக்கு: தேத்தண்ணிக் கேத்தல், சின்ன அடுப்பு, மேசையில் சுவர்ப் பக்கம், முன்கதவு.
தோணியையும் விடவில்லை. முன்கயிறு எனக்கு, பின்கயிறு அவளுக்கு. அவரவர் கயிற்றை அவரவர் கட்ட வேண்டும்.

களப்பு நடுவில் இந்தத் திட்டில் இருப்பது நாங்கள் இருவர். இன்னொரு முகம் பார்க்கக் கோமாரிக் கரைக்குத் தோணி விட வேண்டும். கோபித்துக்கொண்டு போவதற்குக் கக்கூசைத் தவிர வேறு இடமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர்த் தாங்கியில் ஏறினால்தான் சிக்னல். உம்மா: “மகள், வாப்பா ஆடு வாங்கிட்டாரு. நீ வராட்டி இது என்ன பெருநாள்? அந்தக் காட்டுக்குள்ள அப்பிடி என்னத்தத்தான் அள்ளுறாயோ?” தண்ணீர் அள்ளுகிறேன் உம்மா. சொன்னால் இன்னும் கோபம் வரும்.

பின்னேரம் தண்ணீர் எடுக்கப் போனோம். அவள் துடுப்பு, நான் போத்தல். திரும்பி வந்து நான் முன்கயிற்றை முளையில் சும்மா ஒரு சுற்றுப் போட்டுவிட்டு நின்றேன். அவளும் பின்கயிற்றை அப்படியே. அவள் முதலில் இறுக்கட்டும் என்று நான். நான் முதலில் இறுக்கட்டும் என்று அவள். கொஞ்ச நேரம் கொக்குகளைப் பார்த்தோம். பிறகு அவள் பின்கதவால் போனாள், நான் முன்கதவால்.

ஜூன் 4, புதன்

தோணி இல்லை.

அக்கரையில் கண்ணா மரப் பற்றைக்குள் செருகிக்கொண்டு கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, நடுவில் ஆழம், கைக்கு எட்டாது. இருவரும் கரையில் நின்று பார்த்தோம். அவள் என்னைப் பார்க்கவில்லை, நான் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு முளையும் மொட்டையாக நின்றன.

சேருக்குச் சொன்னேன். “சேகர் வெள்ளிக்கிழமைதான் தண்ணிக் கேனோட வருவான். அதுவரைக்கும் சமாளிங்க.” குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேனில் அரைவாசிதான். சுற்றிவர உப்பு.

தோணி இல்லாவிட்டால் என்ன? திட்டுக் கரையோரத்து இரண்டு இடத்துக்கும் நெஞ்சளவு தண்ணீரில் நடந்து போய் எடுத்தேன். ஜெ. நீண்ட தடியோடு பாறையில் ஏறி நின்று முதலை வருகிறதா என்று பார்த்தாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் வந்தாள். தலையை ஒரு தரமும் திருப்பவில்லை.

ஜூன் 5, வியாழன்

காற்று இன்னும் விடவில்லை. உதடு வெடித்திருக்கிறது.

சேர் இன்றைக்குத் தீர்ப்போடு வந்தார். தாங்கிமேல் இருவரும் நெருக்கிக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு.

“தோணியக் கட்டாம விட்டது ஆரு? பேரச் சொல்லுங்க. அவக்கு லீவு இல்ல. மத்தவ போகலாம்.”

அவள் பெயரைச் சொன்னால் போதும். சனிக்கிழமை வீட்டில் நிற்பேன். அவளுக்கும் அதே கணக்குத்தான். என் வாயைப் பார்த்தாள், நான் அவள் வாயைப் பார்த்தேன். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

ஜெ. சொன்னாள்: “கயிறு ரெண்டு சேர். கட்டாத ஆக்களும் ரெண்டு.”

“பொம்பிளைகள் ரெண்டு பேர ஒரு இடத்தில போட்டா இப்பிடித்தான். அப்ப ரெண்டு பேருக்கும் லீவு இல்ல.”

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “அப்ப ரெண்டு பேரும் போறம் சேர்.”

“வெளிக்கிட்டா திரும்பி வர வேணாம்.”

போனை வைத்தது நான்தான். இந்த வேலை எனக்கு வேண்டும். மழை, வெயில், காய்ச்சல், எதற்கும் ஒரு நாள் விடாமல் எடுத்த தண்ணீர் இது. ஊரில் எத்தனை பேர் சிரித்தபோதும் விடவில்லை. ஆனாலும் காட்டிக்கொடுத்துத்தான் வைத்திருக்க வேண்டுமென்றால் போகட்டும்.

இறங்கும்போது ஜெ. நேரே என்னிடமே கேட்டாள், பூனையிடம் இல்லை: “நாளைக்கு உமக்கு நோன்புதானே?”

“ஓம். பெருநாளைக்கு முதல் நாள் அரபா நோன்பு. மிச்சத் தண்ணிய நீங்க குடிங்க.”

“சும்மா இரும்.” ஒரு போத்தலில் ஊற்றி மூடி என் பக்கத்து மேசையில் வைத்தாள். “நோன்பு துறக்க.” சட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். அதை நான் திருப்பி வைத்தேன். இறால் மணம் இன்னும் போகவில்லை.

ஜூன் 6, வெள்ளி

சேகரண்ணன் காலையில் வந்தார், எங்கள் தோணியையும் பின்னால் இழுத்துக்கொண்டு. “என்ன புள்ளையள், தோணிய மேய விட்டிட்டிங்களா?” என்று சிரித்தார். எங்கள் பைகளைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

கடைசித் தண்ணீர் எடுத்தோம், நான்கு இடத்திலும். போத்தல்களில் பெயர் ஒட்டி அடுக்கிவைத்தோம். பூனைக்குச் சோறு. சாவி சேகரண்ணனிடம். கரைக்கு வந்தது அவருடைய படகில்.

இப்போது பஸ்ஸில். அக்கரைப்பற்று தாண்டியாயிற்று. பக்கத்து சீற்றில் ஜெ. பொங்கலா பெருநாளா என்று திரும்பவும் தொடங்கிவிட்டோம். பொங்கலுக்கு அவள் நின்றது உண்மைதான். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. காரைதீவில் இறங்குவதற்குள் பார்க்கலாம்.

போன். சேர். ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

“ஸ்டேசன்ல இப்ப ஆரு நிக்கிற?”

“ஆரும் இல்ல சேர். தோணி மட்டும் நிக்கிது.”

ஜெ. குனிந்து போனுக்குள் சொன்னாள்: “இறுக்கிக் கட்டியிருக்கு சேர். ரெண்டு கயிறும்.”