ஜெபமாலையில் ஒரு சோளமணி

அம்மா, உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். மெக்சிகோ நகரத்துக் கொலைகாரனைப் பற்றி வானொலியில் கேட்டிருப்பாய். பயப்படாதே, பிடித்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் எவாரிஸ்தோதான். தனியாக இருந்த கிழவிகளைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, அவர்கள் வீட்டு ஒன்பது நாள் ஜெபத்துக்கும் வந்து அழுது, துக்க வீட்டு ரொட்டியைக் காபியில் நனைத்துத் தின்றிருக்கிறான்.

கடைசியாகச் செத்த செனைதா அம்மாளின் ஜெபத்தில்தான் மாட்டினான். அவன் உருட்டிய ஜெபமாலையில் ஒரு மணிக்குப் பதில் சிவப்புச் சோளம் கோத்திருந்தது. அவர் மகள் நியேவெஸ் பாதி ஜெபத்தில் எழுந்தாள்.

"யோவ், அது எங்கம்மா மாலை. அந்தச் சோளத்தக் கோத்ததே நான்தான்."

"சந்தையில வாங்கினது தாயி," என்று இளித்தான்.

பெண்கள் கதவைச் சாத்தினார்கள். போலீஸ் வரும்வரை துடைப்பக்கட்டை ஓயவில்லை.

கூட வேலை செய்யும் சோலே இப்போது என் அறையிலேயே படுக்கிறாள், கவலைப்படாதே. யாராவது இந்தப் பக்கம் வந்தால் நீ காய்ச்சும் சோப்பில் இரண்டு கட்டி கொடுத்தனுப்பு. செனைதா அம்மாளின் ஜெபத்துக்கு நானும் போனேன்; பரலோக மந்திரம் சொல்லும்போது தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அந்த எவாரிஸ்தோதான். எவ்வளவு தேய்த்தாலும் இங்கத்திச் சோப்புக்கு அது போகமாட்டேன் என்கிறது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் ஒப்துலியா